வெறுங்கண்ணாடியில் ராக்காயியின் கை

2009 யூலை 3. தோட்டப் பள்ளி ஆசிரியனான என் முறைப்பாடு இது: ராகலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இறந்த ராக்காயி, இறந்த அன்று வேலைக்கே வரவில்லை என்று நிர்வாகம் எழுதிவைத்திருக்கிறது. அது பொய். தேயிலை மலைக்குப் பூச்சிமருந்தடித்த மறுநாளே அங்கு அவரைக் கொழுந்து பறிக்க விட்டார்கள். நிறுவைக்கு முன்பே அவர் விழுந்துவிட்டார். கொழுந்தை நிறுக்காதவருக்கு அன்றைய வரவுப் பதிவில் பெயர் விழாது.

அவர் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியின் மடிப்பில் ஒட்டியிருந்த ஓர் இலையைக் கணவர் நல்லமுத்து என்னிடம் தந்தார். நுவரெலியாவில் ஆய்வுகூடம் நடத்தும் என் நண்பர் குகநேசன் அதனை உறையவைத்துக் காத்தார். பதினொரு நாள் கழித்து மூவரும் அங்கே கூடினோம்.

பிற்பகலிலேயே சன்னலை மூடுபனி அடைத்திருந்தது. கண்ணாடித் தகட்டில் ஒட்டிய இலையை ஒளிக்கதிர் புள்ளி புள்ளியாகச் சுட்டது. எழுந்த துகள்களின் நிறையை அளந்து, எப்பொருள் எவ்விடத்தில் உள்ளதெனப் பொறி படமாக வரைந்தது. அதன் ஓசை கொழுந்து கிள்ளுவதுபோல் இருந்தது.

"சிவப்பாத் தெரியிறது மருந்து, மாஸ்டர். நீலம் ஆளின்ர வியர்வை," என்றார் குகநேசன்.

சிவப்பின் நடுவே மூன்று நீல விரல்கள். நான்காவது பாதி.

"அவ கைதாங்க சார்," என்றார் நல்லமுத்து. "செடி நறுக்குற கவ்வாத்துக் கத்தி வெட்டுன வெரலு. அந்த மொட்ட வெரலாலதான் என்னையக் குட்டுவா."

"இலை ஒட்டாத வெறுங்கண்ணாடியையும் ஓட்டிக் காட்டவேணும்," என்றார் குகநேசன். "அதில ஏதும் தெரிஞ்சால் இந்தப் படம் செல்லாது."

புதிய தகடு உள்ளே சென்றது.

வரி வரியாக நீலம் ஏறிற்று.

விரல்கள்.

பிறகு, முழு உள்ளங்கை.

"ஆர் தொட்டது?" என்று கேட்டார் குகநேசன்.

எவரும் தொடவில்லை. அறையெங்கும் பச்சைக் கொழுந்தின் மணம்.

நல்லமுத்து பொறியருகே குனிந்தார். "வந்துட்டியா புள்ள. இந்தக் கண்ணாடியிலருந்து கைய எடு. நீ வேலைக்குப் போனதுக்கு அந்த எலப் படம் ஒண்ணுதான் சாட்சி."

மற்றொரு வெறுந்தகட்டை ஓட்டினோம். அதில் ஒன்றுமில்லை.

ஆயினும் இறப்பை விசாரித்த அதிகாரி, நாங்கள் அனுப்பிய அறிக்கையை ஏற்கவில்லை. அவர் திருப்பியனுப்பிய உறையை நேற்றுப் பிரித்தேன். அவருடைய கையொப்பத்தின்மீது ஈரம் இருந்தது, துடைத்தேன். இன்று காலை மறுபடியும் ஈரம், அதே கொழுந்து மணம்.

இதனை வாசிப்பவரே, அவர் இறந்த நாளின் வரவுப் பதிவில் ராக்காயியின் பெயரை எழுதுமாறு கோரி, இன்றே தொழில் ஆணையாளருக்கு மனு அனுப்புங்கள்.