கண்ணாடிக் கூட்டில் இரண்டு பிரேசில் நட்

தைராய்டு மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆனதும், மருமகள் டப்பாவைத் திறந்து பாதாமைவிடப் பெரிய பிரேசில் நட் கொட்டை ஒன்றே ஒன்றை மாமியாரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"கிளிக்குக்கூட ரெண்டு போடுவாங்க" என்றார் மாமியார்.

"டாக்டரம்மா ஒண்ணுதான் சொன்னாங்க அத்தை. மிஞ்சினா உடம்பு தாங்காதாம்."

ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த நாத்தனார் தட்டை நகர்த்திவிட்டு நிமிர்ந்தாள். "எங்கம்மாவுக்குக் கொடுக்க உங்களுக்குக் கை வரல அண்ணி... அதைச் சொல்லிட்டுப் போங்க."

மாமனார் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. மருமகள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். தண்ணீர் சத்தத்தில் மூக்கை உறிஞ்சினால் யாருக்கும் கேட்காது.

இரண்டு மாதத்தில் மாமியாரின் சீப்பு நிறைய முடி. நகங்கள் ஓரத்தில் பிளந்தன. பக்கத்தில் போனால் பூண்டு வாடை. வீட்டில் பூண்டு உரித்தே வாரக்கணக்காகிறதே என்று மருமகள் குழம்பினாள்.

"ஒழுங்கா கவனிச்சாத்தானே..." என்றாள் நாத்தனார்.

மருமகள்தான் பிடிவாதமாக டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். எல்லோரும் கூடவே வந்தார்கள்.

நகத்தைத் திருப்பிப் பார்த்த டாக்டரம்மா கேட்டார், "பிரேசில் நட் எத்தனை சாப்பிடுறீங்க?"

"காலையில ஒண்ணு" என்றாள் மருமகள்.

மாமியார் மின்விசிறியைப் பார்த்தார்.

"மத்தியானம் நான் ஒரு நாலு..." நாத்தனாரின் குரல் உள்ளே போயிற்று. "அண்ணிக்குத் தெரியாம, தனியா வாங்கி வெச்சு."

மாமனார் மெல்ல மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். உள்ளே இரண்டு. "சாயங்காலம் நடக்கப் போறப்ப... பாவமா இருந்துச்சு."

டாக்டரம்மா சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "அதுல செலினியம்னு ஒரு தாதுச் சத்து ரொம்ப அதிகம். தைராய்டுக்கு அது கொஞ்சம் வேணும். மிஞ்சினா முடி கொட்டும், நகம் உடையும், வாயில பூண்டு வாடை வரும். இப்போதைக்கு ஒண்ணுகூட வேண்டாம். ரத்தம் பாத்துட்டுச் சொல்றேன். மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க." பிறகு மருமகளைக் காட்டினார். "உங்க மேல உண்மையான அக்கறை இவங்களுக்குத்தான்."

வீட்டுக்கு வந்ததும் மாமியார் சமையலறையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரிஞ்சே வாயை மூடிட்டிருந்தேன்டி... என்னை ரெண்டு திட்டாவது திட்டு."

"எப்படித் திட்டுறது அத்தை? கிட்ட வந்தா பூண்டு வாடை தூக்குது."

மாமியார் சிரித்துக்கொண்டே அழுதார். வாசலில் நின்ற நாத்தனார் உள்ளே வந்து அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து மாலை நடைக்குக் கிளம்பும் முன் மாமனாரின் கண்ணாடிக் கூட்டை மாமியாரே திறந்து பார்த்தார். கண்ணாடி மட்டும்தான் இருந்தது.