எட்டு மந்திர அம்புகள்

சனிக்கிழமை நண்பகல். பினாங்கு பீச் ஸ்திரீட்டில் காப்புறுதி அலுவலகத்தைப் பூட்டப்போகும் நேரத்தில், ஆசிரியை லீனா அழுத கண்களோடு வந்து நின்றாள். அங்கே பொய்யான இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிப்பவர் தவமணி. அவருடைய உதவியாளர் சந்திரிகா.

"தவமணியக்கா, நான் ஏமாத்துறேன்னு சொல்லிட்டாங்க. இன்னிக்கு மூணு மணிக்குக் கடைசி ஆட்டம். நான் வரவே கூடாதாம்."

அது 1989. ஓராண்டாக நான்கு நண்பர்கள் சனிக்கிழமைதோறும் சுங்கை பினாங்கில் ஆனந்தராஜா வீட்டில் கூடி, பகடையும் ஆளுக்கொரு கணக்குத் தாளும் வைத்துக்கொண்டு ஒரு வீரக் கதையை ஆடிவந்தார்கள். கதை சொல்லும் நடுவர் ஆனந்தராஜா. லீனாவிடம் மந்திர அம்புகள், பெர்னார்டிடம் மந்திரக் கவண்கற்கள், வேலுவிடம் மந்திர வாள்.

லீனா தன் தாளை நீட்டினாள். அம்புக் கணக்கில் பென்சிலில் எழுதிய ஐந்து அழிக்கப்பட்டு, நீல மையில் எட்டு என்றிருந்தது.

"போன வாரம் எட்டு இருந்துச்சு. நாலு விட்டேன். மூணு பூதத்து மேல பட்டுச்சு, ஒண்ணு தவறிடுச்சு."

"பட்டது என்ன ஆகும்?"

"மந்திரம் தீர்ந்துடும், அம்பு போச்சு. தவறினாத்தான் திரும்பக் கிடைக்கப் பாதி வாய்ப்பு. பகடை உருட்டினேன், கிடைச்சிருச்சு. தாள்ல அஞ்சுன்னு எழுதி அங்கேயே வச்சிட்டு, அக்கரைக்குப் போற ஃபெரியைப் பிடிக்க ஓடிட்டேன். இன்னிக்குக் காலையில ஆனந்தராஜா கூப்பிட்டு, தாளைக் கையில கொடுத்து அனுப்பிட்டாரு."

"அவர்தான் மாத்தியிருக்காரு!" என்றாள் சந்திரிகா.

"அவர் நடுவர் லா. லீனாவைத் தோக்கடிக்கணும்னா கதையிலேயே ஒரு புயலைக் கிளப்பியிருப்பாரே," என்றார் தவமணி.

மூன்று மணிக்கு மூவரும் ஆனந்தராஜா வீட்டில் இருந்தார்கள். வந்த காரணத்தைச் சொல்லாமல், தவமணி மற்றவர்களின் தாள்களைக் கேட்டு வாங்கினார். பெர்னார்டின் தாள் பென்சிலால் எழுதி எழுதி அழித்ததில் கறுத்திருந்தது. ஜுருவில் உள்ள பட்டறையில் வேலை முடித்து நேராக வந்திருந்த வேலுவின் தாளில் எல்லாம் நீலப் பேனா எழுத்து.

"தம்பி, உங்க வாள் பூதத்தை வெட்டினா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது லா. துடைச்சு உறையில போடுவேன்," என்றான் வேலு.

"அம்பு பட்டா?"

"உருவி எடுத்துக்கணும்."

பெர்னார்ட் சிரித்துவிட்டான். "டேய், பட்டா போச்சுடா!"

வேலு சட்டென்று லீனாவின் தாளைத் திரும்பிப் பார்த்தான்.

"அம்பும் கல்லும் ஆட்டத்துக்கு ஆட்டம் குறையும். அதனால லீனாவுக்கும் பெர்னார்டுக்கும் பென்சில்தான். வாள் எத்தனை பேரை வெட்டினாலும் அதே வாள். பேனாவில ஒரு தடவை எழுதினாப் போதும்," என்றார் தவமணி. "கூடின அம்பு மூணு, பூதத்து மேல பட்டதும் மூணு. பட்ட அம்பு திரும்ப வரும்னு நம்புறவர்தான் எட்டுன்னு எழுதியிருக்கணும்."

"லீனா ஃபெரிக்கு ஓடிட்டாங்க," என்றான் வேலு மெதுவாக. "மூணு அம்பும் பூதத்து உடம்புலேயே கிடக்கேன்னு நான்தான் உருவினதா எழுதி வச்சேன். உதவின்னு நினைச்சேன் லா."

ஆனந்தராஜா எழுந்து நின்றார். "லீனா, ஒரு வார்த்தை கேட்காம பேசிட்டேன். மன்னிச்சிரு."

"சரி. ஆனா கதையில கடைசியா வர்ற டிராகனை முதல்ல நான்தான் அடிப்பேன்."

டிராகன் லேசில் சாகவில்லை. பெர்னார்டின் கற்கள் தீர்ந்தன. கதையில் வேலு காயம்பட்டு விழுந்தான். மாலை ஆறு மணிக்கு லீனாவின் ஐந்தாவது அம்பு அதன் தொண்டையில் பாய்ந்தபோது எழுந்த கூச்சலில், பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணி சித்தி ஹாஜரா பதறிப்போய் வாசலுக்கு வந்து, என்ன பந்தயம், யார் ஜெயித்தது என்று கேட்டார்.

"எங்க லீனா டீச்சர் லா!" என்று எல்லோருக்கும் முந்திக்கொண்டு கத்தினான் வேலு.