கீழே விழாத துண்டு

அறுத்து முடித்த துண்டு கீழே விழவில்லை.

இடித்த வீடுகளிலிருந்து வரும் பழைய மரத்தை, கம்பி போன்ற மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் மெஷினில் வைத்து அறுத்து, சுவரில் மாட்டும் படங்களாக்குவது அவள் தொழில். பலகையில் துளை போட்டு, பிளேடைக் கழற்றி அதற்குள் நுழைத்து, மறுபடி முடுக்கி, கோட்டோடு ஒரு சுற்று வந்தால் உள்ளே இருக்கும் துண்டு 'டக்'கென்று கீழே பெட்டியில் விழும். விழாமல் எங்கே போகும்? பிடித்துவைக்கத்தான் ஒன்றும் இல்லையே!

"உனக்கும் என்னைப் பாத்தா இளக்காரமா இருக்கா?" என்று துண்டைத் திட்டினாள்.

காலையிலிருந்தே அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். இன்று அறுப்பது அம்மாவின் அறைக் கதவுப் பலகை. அம்மா இறந்தபோது, வெளியூரில் இருந்த அவள் வந்து சேர்வதற்குள் அண்ணன் எல்லாக் காரியத்தையும் முடித்துவிட்டான். தூக்கத்திலேயே போய்விட்டாளாம். அடுத்து, ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டையும் இடித்தான். இப்போது அதே கதவில் அவனும் பெண்டாட்டியும் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டு நிற்கிற மாதிரி, புது வீட்டு ஹாலுக்கு ஒரு படம் வேண்டுமாம். அம்மாவையும் சேர்க்கட்டுமா என்று கேட்டாள். "அவங்க எதுக்கு? வர்றவங்கல்லாம் உக்காந்து துக்கம் விசாரிக்கிறதுக்கா?" என்றான். வாய் கூசவில்லை அந்த மனுஷனுக்கு! ஆனாலும் வேலையை ஒத்துக்கொண்டாள். படத்தை வாங்க அவன் நேரில் வருவான். அம்மா எப்படிப் போனாள் என்ற உண்மையை அவன் வாயிலிருந்து பிடுங்காமல் படத்தைக் கொடுப்பதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள்.

துண்டை விரலால் அழுத்தினாள். கொஞ்சம் இறங்கியது. பிறகு விரலைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது.

மெஷினை நிறுத்தினாள். அதன் இரைச்சல் அடங்கியதும் பட்டறைக்குள் மின்விசிறியின் கிறீச்சும், தகரக் கூரை வெயிலில் நெளியும் சத்தமும், எங்கோ மிக அருகில் யாரோ வாயைத் திறந்து மூச்சு விடுவது போன்ற ஓசையும் கேட்டன. பழைய மரத்தின் தூள் எப்போதும் வறண்டு மூக்கைத்தான் அரிக்கும், இது ஈரமாக விரலில் அப்பிக்கொண்டு, சன்னலே திறக்காத அறையின் புழுக்கமும் துவைக்காத போர்வையும் மூத்திரமும் தைலமும் கலந்த வாடையை வீசியது. குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். ஒன்றுமில்லை. பெட்டியும் காலி. காலையிலிருந்து அறுத்த துண்டுகளில் ஒன்றுகூட விழவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

பிளேடைக் கழற்றிவிட்டுப் பலகையைத் திருப்பினாள். நல்ல பக்கம் மேலே, மோசமான பக்கம் சுவருக்கு என்பது தொழில் பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் பின்பக்கத்தை அவள் பார்க்காமலே விட்டிருந்தாள். நீல பெயின்ட். அம்மாவின் அறைக்குள் அடித்திருந்த நீலம். அதன்மேல் கீறல்கள். நான்கு நான்காக. எல்லாமே பலகையின் அடிப்பகுதியில். நிற்கிற ஆள் கீறும் உயரம் இல்லை அது.

மறுபடி திருப்பி, படம் வரைந்து ஒட்டியிருந்த தாளைக் கிழித்தாள். ஹால் பக்கத்துப் பச்சை. ஓரமாகப் புதிதாக மக்கு வைத்து அடைத்த நான்கு புள்ளிகள். கத்தி முனையால் தோண்டினாள். திருகாணித் துளைகள். தாழ்ப்பாள் இருந்த இடம்.

வெளியே தாழ்ப்பாள்! படுக்கையறைக்கு எவனாவது வெளியே தாழ்ப்பாள் போடுவானா?

சாயங்காலம் அண்ணன் வந்தான்.

"அம்மா ரூமுக்கு வெளியில எதுக்குண்ணே தாழ்ப்பாள்?"

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? எழுந்து எழுந்து ரோட்டுக்குப் போயிடுவாங்க. நீயா வந்து காவல் காத்த?"

"உள்ள பூட்டிட்டுக் கொன்னுட்டியா? சொல்லு! பெத்தவடா அவ!"

"லூசு மாதிரி கத்தாத." அவன் பலகையைத் தூக்கி மேஜைமேல் நிறுத்தி, படத்தை அவள் பக்கம் காட்டி, பின்னால் நின்றுகொண்டான். "மாட்டுனா எப்படி இருக்கும்னு பாத்துச் சொல்லு."

விழாத துண்டுகள் விழுந்தன. டக். டக். டக். எல்லாம் அவள் பக்கமாக.

"தங்கச்சி?" குரல் எட்டத்திலிருந்து வந்தது. மூடிய அறைக்குள்ளிருந்து வருவது போல. "என்ன இது, இருட்டா இருக்கு?"

அவள் மேஜையைச் சுற்றிப் பின்னால் ஓடினாள். அவன் இல்லை. நீலப் பலகை. கீறல். ஓட்டைகள் வழியாக எதிர்ச்சுவர் தெரிந்தது. பிடிக்க ஆளில்லாமல் பலகை நின்றது.

முன்னால் வந்தாள். அதே ஓட்டைகளில் இருட்டு. இருட்டிலிருந்து விரல்கள். மோதிரம் போட்ட அண்ணனின் விரல்கள். விளிம்பைப் பற்றிக்கொண்டு வெளுத்திருந்தன.

"திறடி! யாரோ இருக்காங்க இங்க! ஊருக்குப் போறப்ப தாழ்ப்பாளத் திறந்துவிட மறந்துட்டோம்டி... வேணும்னு செய்யல... அம்மா, வேணும்னு செய்யலம்மா!"

கேட்க நினைத்தது கிடைத்துவிட்டது. மறந்துட்டோம்! பெற்றவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, மறந்துட்டோம்! அடப்பாவி! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம். வேண்டுமென்றேதான்.

அலறல் அழுகையாக மாறியது. கோபம் ஒரு பக்கம், கூடப்பிறந்தவன் ஒரு பக்கம். பாய்ந்து பலகையைத் தடவினாள். கீலில்லை. கைப்பிடியில்லை. தாழ்ப்பாள் இல்லை. நான்கு துளைகள் மட்டும். நகத்தை விட்டு நெம்பினாள். எதைத் திறப்பது? எப்படித் திறப்பது?

உள்ளிருந்து இன்னொரு கை வந்தது. சுருங்கிய தோல். ஒரு விரலிலும் நகமில்லை. அவசரமில்லாமல், குழந்தையின் கைக்குள்ளிருந்து பொருளை வாங்குவது போல, அது அண்ணனின் விரல்களை விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்தது. கட்டைவிரல். மோதிர விரல்.

கடைசியாகச் சுண்டுவிரல்.