விமானத்தை விட்டு இறங்க மாட்டேன்

அந்த விமானம் பறக்காது. பறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. மறைமலைநகருக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே ஒரு தகரக் கொட்டகையில், சக்கரத்தில் காற்று இறங்கிப்போய் அது சும்மா நின்றிருந்தது. மாணவர்கள் அதன் எஞ்சினைக் கழற்றிப் படிப்பார்கள், திரும்ப மாட்டுவார்கள். மாட்டி முடித்தபின் எப்போதும் இரண்டு திருகாணி மிச்சம் இருக்கும்.

சின்ன விமானம்தான். ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டே இருக்கைகள். மேலே குமிழ் போல ஒரு கண்ணாடி மூடி.

சாராளுக்குப் பத்து வயது. அவள் தம்பி ஆல்வினுக்கு ஏழு. அவர்களுடைய அப்பா மோசஸ் அந்தக் கல்லூரியில் பஸ் ஓட்டினார். அம்மா தொழிற்சாலையில் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து சேர ஏழு மணி ஆகும். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பேரும் கல்லூரிக்கு நடந்து வந்துவிடுவார்கள். அப்பா கூடுவாஞ்சேரி வரை போய்த் திரும்புவதற்காக அந்தக் கொட்டகையில் காத்திருப்பார்கள்.

ஆல்வினுக்குக் காது சரியாகக் கேட்காது. பக்கத்தில் வந்து சத்தமாகப் பேசினால் கொஞ்சம் கேட்கும். டாக்டர் காதில் மாட்டும் கருவிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அது கைக்கு வர இன்னும் சில மாதம் ஆகும்.

கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர் உலகநாதன். எப்போதும் கையில் ஒரு எண்ணெய்த் துணி வைத்திருப்பார். ஒரு மழை நாளில் அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

"இங்க வாங்க. பிளேன்ல ஒரு வேடிக்கை கீது."

வேடிக்கை என்றால் இதுதான். பறக்கும்போது எஞ்சின் போடும் சத்தத்தில், முன்னால் இருப்பவர் பேசுவது பின்னால் இருப்பவருக்குக் கேட்காது. அதற்காக ஆளுக்கு ஒன்றாக, காதை முழுக்க மூடும் தடித்த ஹெட்போன் இருந்தது. அதிலேயே வாய்க்கு எதிரே ஒரு சின்ன மைக். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் இன்டர்காம். மாணவர்கள் அதைப் பழுது பார்த்து, பேட்டரியில் ஓட வைத்திருந்தார்கள். ஒரு டேப் ரெக்கார்டரையும் அதோடு சேர்த்திருந்தார்கள்.

உலகநாதன் ஆல்வினைப் பின் இருக்கையில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டினார். டேப்பில் ஒரு பாட்டைப் போட்டு, சத்தத்தைக் கூட்டினார்.

ஆல்வின் இரண்டு கையாலும் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டான். வாய் திறந்தபடியே இருந்தது.

"அக்கா, உள்ள யாரோ பாடறாங்க" என்றான். சொன்னவன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். "இப்ப பேசனது யாரு?"

முன் இருக்கையில் இருந்த சாராள் மைக்கில் சொன்னாள். "நீதான்டா."

ஆல்வின் மைக்கைத் தொட்டுப் பார்த்தான். "என் குரலு இப்டியா கீது?" என்றான்.

அன்றிலிருந்து தினமும் நான்கு மணிக்கு விமானத்தில் ஏறினார்கள்.

அந்த மாதம் பள்ளியில் பாட்டுப் பயிற்சி நடந்தது. மாமல்லபுரத்தில் கடற்கரை மேடையில் பள்ளிகளுக்கு இடையே ஒரு போட்டி. ஆல்வினுடைய வகுப்பு முழுவதும் பாடப் போகிறது. கோதை டீச்சர் ஆர்மோனியத்தோடு சொல்லிக்கொடுத்தார்.

"ஆல்வின், நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்" என்று டீச்சர் சைகையோடு உரக்கச் சொன்னார். ஒரு மிட்டாயும் கொடுத்தார்.

வாசலில் நின்ற சாராள் அதைக் கேட்டாள்.

"அவன் பாடுவான் டீச்சர்."

"சுருதி சேரலைம்மா. அவனுக்குக் கேட்கலை, என்ன செய்யறது? பாவம்."

சாராளுக்கு 'பாவம்' என்ற சொல்லே பிடிக்காது. அதைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் எதுவும் செய்வதில்லை.

மறுநாள் உலகநாதனைக் கேட்டு டேப் ரெக்கார்டரை எடுத்துப் போனாள். வகுப்பு ஜன்னலில் வைத்து, பயிற்சியைப் பதிவு செய்துகொண்டு வந்தாள்.

"உப்புக் காத்து வீசுது, ஓடம் எங்கே போகுது?
ஒத்தை நண்டு கேக்குது, ஊருக்கென்ன பேரிது?"

இப்படி எட்டு வரி. ஆனால் அந்த இன்டர்காமுக்கு ஒரு குணம் உண்டு. யாராவது மைக்கில் பேசினால், டேப் ஓடிக்கொண்டே இருக்கும், காதில் விழும் பாட்டு மட்டும் தானாக நின்றுவிடும். பேச்சு காதில் விழ வேண்டும் என்பதற்காக அப்படி. ஆல்வின் முதல் வரியைப் பாட வாயைத் திறந்ததும் பாட்டு நின்றது. அவன் பாடி முடித்ததும் பாட்டு மூன்றாவது வரியில் இருந்தது.

"இன்னாக்கா, நண்டு எங்க போச்சு?" என்றான் ஆல்வின்.

சாராள் ஒரு வழி கண்டுபிடித்தாள். டேப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வரி ஓடியதும் பொத்தானை அழுத்தி நிறுத்தினாள். ஆல்வின் அந்த வரியைப் பாடினான். அவன் குரல் மட்டும் தனியாக அவன் காதில் விழுந்தது. தப்பு எங்கே என்று அவனுக்கே தெரிந்தது. ஒரு வாரத்தில் ஆறு வரி வந்துவிட்டது.

புதன்கிழமை அவர்கள் வந்தபோது உலகநாதன் ஸ்பானரோடு விமானத்தின் இறக்கை மேல் நின்றிருந்தார். அவர் முகம் நன்றாக இல்லை.

"இனிமே இதுல ஏற முடியாது கண்ணு. காலேஜ் வாசல்ல தூண் கட்டி, இதத் தூக்கி மேல வெக்கப் போறாங்களாம். சீட்டு, ஒயரு எல்லாத்தையும் இன்னைக்கே கழட்டணும்."

"சனிக்கிழமை போட்டி மாமா. அதுவரைக்கும் விடுங்க. இன்னும் ரெண்டு வரிதான்."

"என் கையில இன்னா கீது? மேடம் சொல்றாங்க, நான் செய்யறேன்."

மேடம் என்றால் சௌந்தரவல்லி மேடம். அந்தத் துறைக்குத் தலைவர். சாராள் நேரே அவருடைய அறைக்குப் போனாள். மேடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். சாராள் பத்து நிமிடம் நின்றாள்.

"மேடம், அந்தப் பிளேன..."

"அது விளையாடற இடம் இல்லைம்மா. யார் உன்னை உள்ளே விட்டது? போ, போ." மேடம் மறுபடி போனை எடுத்தார்.

சாராள் கொட்டகைக்குத் திரும்பினாள். உலகநாதன் தேநீர் குடிக்கப் போயிருந்தார். ஆல்வின் ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தான். அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏறு."

ஆல்வின் பின்னால், அவள் முன்னால். கண்ணாடி மூடியை இழுத்தாள். காற்று வர வேண்டும் என்று இடுக்கில் தன் புத்தகப் பையைச் செருகி வைத்தாள். பிறகு ஏழாவது வரியைப் போட்டாள்.

உலகநாதன் வந்து பார்த்தார்.

"சாராளு, எறங்கு."

"எறங்க மாட்டேன்."

"வெளாட்டு இல்லம்மா."

"நானும் வெளாடல. சனிக்கிழமை வரைக்கும் எறங்க மாட்டேன்."

மாணவர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "பாத்ரூம் போகணும்னா என்ன பண்ணுவே?" என்று கேட்டார். சாராள் அதை யோசித்திருக்கவில்லை. யோசித்ததைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டாள். இன்னொருவர் பை இடுக்கு வழியாக ஒரு பிஸ்கட் பொட்டலத்தை உள்ளே தள்ளினார்.

சௌந்தரவல்லி மேடம் வந்தார். அவரைப் பார்த்ததும் சாராள் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பொண்ணு யாரு?"

"நம்ம பஸ் டிரைவர் மோசஸ் பொண்ணு மேடம்" என்றார் உலகநாதன், தரையைப் பார்த்தபடி.

"மோசஸைக் கூப்பிடுங்க."

சாராள் மூடியைத் தள்ளித் திறந்தாள். "எங்கப்பாவுக்கு இது தெரியாது மேடம். ஏறினது நானு. கேக்கறதுன்னா என்னைக் கேளுங்க."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. அப்பா காக்கிச் சட்டையோடு ஓடி வந்து, இறக்கை மேல் ஏறினார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"இன்னாம்மா இது? எனக்கு வேல போயிடும். எறங்கு."

சாராளுக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை.

"ஆல்வின வாய மட்டும் அசைக்கச் சொல்லிட்டாங்கப்பா. பாடக் கூடாதாம். அவன் இதுல பாடறான். நல்லாப் பாடறான். இதையும் புடுங்கறாங்க."

அப்பா ஆல்வினைப் பார்த்தார். ஆல்வின் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது. பிறகு கீழே இறங்கி மேடத்தின் எதிரில் வந்தார்.

"மன்னிச்சுக்கங்க மேடம். எம் பொண்ண நான் எறக்க மாட்டேன். எம் பையனுக்குக் காது சரியாக் கேக்காது, காதுல மாட்டற கருவி வர இன்னும் சில மாசம் ஆகும். நீங்க ஒரு தபா ஏறி அவன் பாடறதக் கேளுங்க. அப்பறம் நீங்க இன்னா சொன்னாலும் செய்யறேன்."

மாணவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறக்கை மேல் ஏறினார். ஆல்வின் முன்னால் வந்து அக்காவோடு ஒட்டி உட்கார்ந்தான். சாராள் தன் ஹெட்போனைக் கழற்றி அவனுக்கு மாட்டினாள். மேடம் பின் இருக்கையில் உட்கார்ந்து இன்னொன்றை மாட்டிக்கொண்டார்.

சாராள் பொத்தானை அழுத்தினாள். முதல் வரி ஓடியது. நிறுத்தினாள். ஆல்வின் பாடினான்.

ஓடத்தைப் பாடினான், நண்டைப் பாடினான். ஐந்தாவது வரியில் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. உடனே நிறுத்தினான்.

"தப்பு" என்று தனக்குத் தானே சொல்லிவிட்டு, அந்த வரியைச் சரியாகப் பாடினான்.

மேடம் ஹெட்போனைக் கழற்றவில்லை. மைக்கில் மெதுவாகக் கேட்டார். "தப்புன்னு உனக்கு யார் சொன்னா?"

"எனக்கே கேக்குது மிஸ்" என்றான் ஆல்வின்.

மேடம் குனிந்து, இருக்கைக்கு அடியில் இருந்த இன்டர்காம் பெட்டியையும் வயர்களையும் பார்த்தார்.

சாராள் திரும்பி உட்கார்ந்தாள். "மேடம், தூணு மேல நிக்கற பிளேன்ல யாரு யாரோட பேசப் போறாங்க? அதுக்கு எதுக்கு இன்டர்காம்?"

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு உலகநாதனைப் பார்த்தார். "இந்தப் பெட்டியைத் தனியா எடுத்தா வேலை செய்யுமா?"

"பேட்டரி இருந்தா எங்க வேணா செய்யும் மேடம்."

"அப்போ கழற்றி இவங்க கையில கொடுங்க. ஆய்வகத்திலேர்ந்து இரவல்னு நான் எழுதித் தர்றேன். அந்தப் பையனுக்குக் கருவி வர்ற வரைக்கும் வெச்சுக்கட்டும்." பிறகு சாராளைப் பார்த்தார். "இப்பவாவது இறங்குவியா?"

"பொட்டி கைக்கு வந்ததும் எறங்கறேன் மேடம்."

உலகநாதன் பெட்டியைக் கழற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை சாராள் இருக்கையிலேயே உட்கார்ந்து அவருக்கு டார்ச் பிடித்தாள்.

சனிக்கிழமை மாமல்லபுரத்தில் கடல் காற்று பலமாக அடித்தது. மேடையின் பின்னால் கட்டியிருந்த துணி படபடவென்று அடித்துக்கொண்டது. பச்சை நிற ஹெட்போனோடு வந்த ஆல்வினைப் பார்த்து முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"இதைக் கழற்றிடேன்" என்றார் கோதை டீச்சர். "எல்லாரும் இதையே பாக்கறாங்க."

சாராள் நடுவில் வந்து நின்றாள். "கழட்டினா அவனுக்குக் கேக்காது டீச்சர். பாக்கறவங்க பாக்கட்டும்."

டீச்சர் அவளைப் பார்த்தார், ஆல்வினைப் பார்த்தார். "சரி, கடைசி வரிசையில நிக்கட்டும்" என்றார்.

உலகநாதன் வயரை நீளமாக இழுத்துக் கொடுத்திருந்தார். சாராள் இன்னொரு ஹெட்போனின் மைக்கை ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

டீச்சர் ஆர்மோனியத்தை வாசித்தார். காற்று அந்தச் சத்தத்தை அப்படியே அள்ளிக்கொண்டு போய்விட்டது. பிள்ளைகளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எப்போது தொடங்குவது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பையன் பாதி வரியைப் பாடிவிட்டு நிறுத்தினான்.

ஆல்வினுடைய காதில் காற்றே இல்லை. ஆர்மோனியம் மட்டும்தான் இருந்தது.

"உப்புக் காத்து வீசுது" என்று கடைசி வரிசையிலிருந்து அவன் உரக்கத் தொடங்கினான்.

மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவனைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். எட்டு வரியும் தடுக்காமல் போனது. கூட்டத்தில் பின்னால் நின்ற அப்பா, பாட்டு முடியும் முன்பே கைதட்டிவிட்டார்.

அவர்களுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. மொத்தம் நான்கு பள்ளிகள்தான் வந்திருந்தன. ஆனாலும் மூன்றாம் பரிசு, மூன்றாம் பரிசுதான்.

போட்டோ எடுக்க எல்லாரையும் நிற்க வைத்தார்கள். கோதை டீச்சர் தானே வந்து ஆல்வினை முதல் வரிசைக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். கேமராக்காரர் கையை ஆட்டினார்.

"தம்பி, போட்டோவுக்கு மட்டும் அந்த ஹெட்போனக் கழட்டிடு."

மைக் வழியாக ஆல்வினுக்கு அது நன்றாகவே கேட்டது. கேட்காதவன் போல, நேராகக் கேமராவைப் பார்த்து நின்றான்.