எடுக்காமல் விட்ட சிரிப்பு

பம்மலில் அந்தப் பழைய வீட்டுக்கு ஷெர்வின் மூன்றாவது முறையாக வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பல்லாவரத்திலிருந்து நடந்தே வந்தான். கை காட்டிய ஷேர் ஆட்டோ ஒன்றுகூட நிற்கவில்லை.

எரிச்சல் வராமல் என்ன செய்யும், சொல்லுங்கள் கண்ணுகளா? டீக்கடையில் காசை நீட்டிக்கொண்டு நின்றால், பின்னால் வந்தவனுக்கு டீ போகிறது. ஆபீஸ் அட்டெண்டன்ஸ் மெஷின் இவன் விரலை ஏற்பதில்லை. தாம்பரம் வீட்டில் மனைவி கிறிஸ்டினாவே நாலு தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிறாள்.

எல்லாம் அந்தச் சினிமாவுக்குப் பிறகுதான். ஆள் மாறிக் கொலை நடக்கிற கதை. யாருக்கோ பதிலாக வெட்டுப்பட்டுச் சாகிற அப்பாவிக்கு ஷெர்வினின் போட்டோ மட்டும் போதும் என்றார்கள். அதை இந்த வீட்டுச் சுவரில் மாட்டி, மாலை போட்டு, காட்சியை எடுத்தார்கள்.

செத்தவராக நடிப்பவரைக் கடைசியில் காமிராவைப் பார்த்துச் சிரிக்க வைத்து ஒரு ஷாட் எடுப்பார்கள். தோஷம் போவதற்கு. அன்று வந்தது போட்டோதானே? சிரிப்பை மறந்தார்கள். போட்டோவையும் சுவரிலேயே விட்டுப் போனார்கள்.

கதவைத் திறந்தாள் வீட்டுக்காரி செல்லம்மா. ஊரில் யார் கண்ணிலும் படாதவன் இவள் கண்ணில் மட்டும் பட்டான்.

"மறுபடியும் வந்துட்டியா? இன்னா பேஜாரு புடிச்ச ஆளுப்பா நீ!"

"அக்கா, அது என் போட்டோ. நான் உயிரோட இருக்கேன். கழட்டிக் குடுங்க."

"எம்புள்ள லாசரஸு தோல் கம்பெனிக்குப் போனவன், பொணமாத்தான் வந்தான். ஒரு படங்கூட இல்ல. இப்பதான் ஒரு மூஞ்சி கெடச்சுது."

"அது என் மூஞ்சிக்கா!"

"ஒனக்குத்தான் ஒண்ணு கீதே."

அவள் மெழுகுவத்தி எடுக்க உள்ளே போனாள்.

கூடம் இருட்டிக்கொண்டு வந்தது. தோல் கம்பெனி மூடி எத்தனையோ வருஷம். ஆனாலும் ஊறின தோலின் வாடை, போட்டோ மாலையின் மல்லிகையையும் மீறி வீசியது.

போட்டோவைக் கழற்றப் பார்த்தான். ஆணியோடு ஒட்டியதுபோல அசையவில்லை.

சிரிப்புதானே பாக்கி? அதையாவது எடுத்துவிடலாம். செல்போனைத் தூக்கிப் பிடித்து, பல் தெரியச் சிரித்தான். செல்போனில் படம் பதிவானது.

அதில் சுவர் இருந்தது. மாலை இருந்தது.

அவன் இல்லை.

மாலைக்குள் போட்டோ சிரித்துக்கொண்டிருந்தது.

உடனே வீட்டுக்கு போன் போட்டான்.

"யாருங்க?" என்றாள் கிறிஸ்டினா.

"நான்தான்மா. ஷெர்வின்."

"விளையாடறீங்களா? அவர் இங்க சாப்பிட்டுட்டிருக்கார்."

பின்னால் ஒரு குரல். "யாரும்மா போன்ல?"

அது இவனுடைய குரல்.

"ராங் நம்பர்ங்க," என்று அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாள் அவள். "ஆமா, எங்க போய்ட்டு வந்தீங்க? உங்க மேல ஒரே தோல் நாத்தம்."

போன் அணைந்தது.

செல்லம்மா மெழுகுவத்தியோடு வந்தாள். "அக்கா!" என்று கத்தினான். அவள் அவனைத் தாண்டிப் போனாள்.

"தூசிடா ராசா," என்று முனகியபடி, ஈர முந்தானையால் போட்டோவின் கண்ணாடியைத் துடைத்தாள்.

ஷெர்வினின் கன்னத்தில் ஈரத்துணி உரசியது.

தாம்பரத்தில் கிறிஸ்டினா இன்றும் புருஷனின் சட்டைகளைத் தனியாக ஊறவைத்துத் துவைக்கிறாள், கண்ணுகளா.

வாடை போகவில்லை.