பாதியில் நின்ற நெற்றி

"ஏங்க! யாருங்க போனை எடுத்தது?"

கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது. எஸ்.டி.டி. பூத்துக்குள் ரிசீவரும் கையுமாக நின்ற செலின் திடுக்கிட்டாள். காதில் ஏதோ கீச்சிட்டு அலறி ஓய்ந்திருந்தது... வெளியே பட்டாபிராம் ஊரே நனையும் மழை. எதிரே ஒருவன்... வெறுங்கால், கோபமான கண்கள்.

"மழை விட்டதும் வர்றேன்னு வீட்டுக்குச் சொல்லணும்..."

"போர்டு கீதுல்ல? உள்ள இன்டர்நெட் ஓடறப்போ போனை எடுக்கக் கூடாதுன்னு!"

செலின் தரையைக் காட்டினாள். அந்த அட்டை மழையில் ஊறி விழுந்து கிடந்தது. பூத்துக்கும் உள்ளே இருந்த கம்ப்யூட்டருக்கும் ஒரே டெலிபோன் லைன். கடைக்காரர் வீராசாமியின் சிக்கனம் அப்படி! 1999-இல் பட்டாபிராமுக்கு அதுவே பெரிய விஷயம்.

அவன் குரல் இறங்கியது. "ஒரு படம் வந்துகினு இருந்துச்சுங்க. நெத்தியோட நின்னுபோச்சு."

"யார் நெத்தி?"

"பேரு படத்துக்குக் கீழதான் வரும்... உள்ள வந்து பாருங்க."

செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போனால் வீராசாமிக்குப் பொல்லாத கோபம் வரும். திரையில் கல்லில் செதுக்கிய ஒரு வழுக்கை நெற்றி மட்டும் தெரிந்தது.

"சாக்ரடீஸ்," என்றாள்.

"மொட்டைன்னா சாக்ரடீஸா? எங்க மாமாவுக்கும்தான் மொட்டை!"

"பந்தயமா?"

கஜபதி என்ற அந்த இளைஞன் மறுபடி இணைத்தான். மோடம் கத்திக் கனைத்து அடங்கியது. எங்கோ கடலுக்கு அப்பாலிருந்து நெற்றி வந்தது... புருவம்... சப்பை மூக்கு... தாடி. கடைசியில் பெயர். சாக்ரடீஸேதான்!

இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னால் வாழ்ந்த மனிதர், டெலிபோன் கம்பி வழியாக, இந்தச் சின்ன அறைக்கு வந்துவிட்டாரே... செலினுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கஜபதிக்கும்தான். ஆனால் அவன் பார்த்தது திரையை அல்ல.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்ததும் அவள் அங்கே வருவாள். அவனும் இருப்பான்.

"ஹெச்.டி.எம்.எல். விரிவு சொல்லுங்க," என்பான்.

"ஹைப்பர் டெக்ஸ்ட் மார்க்அப் லாங்வேஜ். நீங்க சொல்லுங்க, மோடம்?"

"மாடுலேட்டர் டிமாடுலேட்டர். இதெல்லாம் ஒரு கேள்வியாங்க?"

இருவரும் தயாரானது ஒரே போட்டிக்கு... ஆவடி இளைஞர் மன்றத்தின் பொது அறிவுப் போட்டி. செலினுக்கு அது விளையாட்டல்ல. "அதுல ஜெயிச்சுக் காட்டு, கம்ப்யூட்டர் கிளாஸ்ல சேர்த்து விடறேன்," என்று அப்பா கிறிஸ்துராஜ் வாக்குக் கொடுத்திருந்தார்.

மேடையில் எதிரெதிர் மேசை, எதிரெதிர் அணி. இணையமும் சிந்தனையாளர்களுமாகக் கேள்விகள் பறந்தன. இரண்டு அணியும் சமம்... மிச்சம் ஒரே ஒரு கேள்வி. திரையில் இருந்த படத்தை மூடியிருந்த அட்டையை மெல்ல இறக்கினார்கள். கல் நெற்றி!

செலின் மணியை அடித்தாள். "சாக்ரடீஸ்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. சிரித்தபடி திரும்பியவள் விக்கித்துப் போனாள். கஜபதியின் கை மணிக்குப் பக்கத்திலேயே இல்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசலில் அவனை நிறுத்தினாள். "அந்த நெத்தி உங்களுக்குத் தெரியாதா? விட்டுக்கொடுத்தீங்களா... பிச்சையா?"

அவன் வாயைத் திறந்தான். முகம் சிவந்தது. "உடுங்க," என்று மட்டும் சொன்னான்.

வீட்டில் அப்பா, "நாளைக்கே சேரலாம்மா," என்றார். "வேண்டாம்ப்பா," என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. யாரோ தூக்கிப் போட்ட வெற்றியில் எப்படிப் படிப்பது? அடுத்த ஞாயிறு பூத் பக்கமே போகவில்லை.

அதற்கும் அடுத்த ஞாயிறு, மழை தூறும் ஸ்டேஷன் வாசலில் கஜபதியின் அணிக்காரன் மதுரைவீரன் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்கதான அந்த செலின்? கப்பு உங்களுக்குன்னு ஆனப்புறம் அந்தாளு இன்னா கேட்டான் தெரியுமா? 'கடைசியா இன்னா படம் போட்டாங்க மச்சான்?'னு கேக்கிறான்! திரையையே பாக்கலீங்க. எதிர்லயே குந்திகினு... எங்கதான் பாத்தானோ!"

எங்கே பார்த்தான் என்று செலினுக்குத் தெரியும்.

குடையை விரிக்கக்கூட மறந்து ஓடினாள். வீராசாமி கடை வாசலில் அவன் செருப்பு கிடந்தது. உள்ளே போய்க் கூப்பிட வெட்கமாக இருந்தது. பூத்துக்குள் நுழைந்தாள். புது அட்டை கண்ணெதிரே தொங்கியது. படித்தாள். படித்துவிட்டே ரிசீவரை எடுத்தாள். அந்தக் கீச்சு!

கதவு படாரென்று திறந்தது. "யாருங்க அது..." அவன் அப்படியே நின்றான்.

"யாருக்குப் போனு?"

"யாருக்கும் இல்ல. நீங்க வெளிய வரணும்னுதான் எடுத்தேன்."

மழைத்துளி அவள் இமையில் நின்றது. அவன் கண்ணை எடுக்கவில்லை.

"படத்தையே பாக்கலைன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே..."

"எப்படிங்க சொல்றது? அட்டை எறங்க எறங்க உங்க கண்ணு பெருசாச்சு... முதல் நாள் இங்க ஆன மாதிரியே. பாத்துகினே இருந்தேன். மணி அடிச்சப்புறம்தான் முழிச்சேன். உட்டுக்குடுக்கல செலின்... தோத்துப்புட்டேன். உங்க மேல அவ்ளோ ஆசைங்க."

"அப்போ அந்த கப்பு..."

"முழுசா உங்களுதுங்க!"

"நாளைக்குக் கம்ப்யூட்டர் கிளாஸ்ல சேரப் போறேன்," என்றாள். பிறகு தலை குனிந்து, "அப்புறம்... எனக்கும் உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

"யாரும்மா அது? போனை வைய்யி, உள்ள லைன் போச்சு!" உள்ளேயிருந்து வீராசாமி கத்தினார்.

செலின் ரிசீவரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் இருங்கண்ணே... பேசிக்கிட்டு இருக்கேன்!"