தேசப்பன் பேருக்கு வந்த பணம்

அடுப்பில் உலை கொதிப்பதற்கு முன்பே மணியம்மாள் கொதித்துவிட்டாள்.

"ஆறு மாசமாச்சு... எம்புள்ள பேர்ல துட்டு வர்லியே! இன்னாடி பண்ண நீ?"

வேலம்மா அரிசி களைந்த கையோடு நின்றாள். இனி மறைக்க முடியாது.

"நான்தான் அத்தே நிறுத்தச் சொன்னேன்..."

அவள் புருஷன் தேசப்பன் உர மூட்டையோடு வண்டியில் வரும்போது, ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. விவசாயிகளுக்கு அரசாங்கம் போடும் இரண்டாயிரம் மட்டும், நாலு மாதத்துக்கு ஒரு தடவை அவன் கணக்குக்கு வந்துகொண்டே இருந்தது. அவன் இல்லை என்று யாரும் போய்ச் சொல்லவில்லை. அவன் போனில் டிங் என்று கேட்டால் போதும், பெற்றவள் அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுவாள். "எம்புள்ள அனுப்பிச்சிட்டான்!" அவன் செத்துப்போனான் என்று மணியம்மாள் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை, காரியத்தன்றுகூட! அவள் எதிரில் வேறு யாரும் சொல்லவும் கூடாது.

"எம்புள்ளய எத்தினி வாட்டிடி சாவடிப்ப? ஒன்றர ஏக்கர் நெலத்த உம்பேருக்கு மாத்திக்கத்தானே இவ்ளோ வேல!"

வேலம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவன் போன பிறகு எடுத்த பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதாசி வந்திருந்தது. கார்டு போட்டு எடுத்தது மாமியார்தான். கிழவியை ஆபீஸில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்களே என்று பயந்து, காதுத் தோட்டை விற்றுக் கட்டிவிட்டு, களையெடுக்கும்போது தொலைந்ததாகப் பொய் சொல்லி, அதற்கும் வசை வாங்கினாள். அதையெல்லாம் இப்போதும் சொல்லவில்லை.

"கெளம்புங்க அத்தே. இன்னிக்கு உங்கள ஆபீசுக்கு இட்டுனு வரச் சொன்னாங்க."

"வரேன்டி! உன் யோக்கியத அங்கயே சந்தி சிரிக்கட்டும்!"

பஸ்ஸில் மாமியார் தனி சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.

வேளாண்மை ஆபீஸில் அர்ச்சனா என்ற சின்ன வயது அதிகாரி காகிதங்களைப் புரட்டினாள். "ஆயா, நிலம் உங்க பேருக்கு மாறிடுச்சு. உங்க மருமக தனக்குப் பங்கே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. இனிமே பணம் உங்களுக்கு வரும். உங்க மகன் பேர்ல எடுத்த பழைய பணத்தையும் அவங்களே திருப்பிக் கட்டிட்டாங்களே!"

மணியம்மாள் திரும்பினாள். மருமகளின் காதுகளில் ஈர்க்குச்சி. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை, இப்போது நிலமும் இல்லை.

"ஏண்டி... ஏண்டி இப்டி பண்ண?"

"உங்களுக்கு வேற இன்னா அத்தே இருக்குது? டிங்குனு சத்தம் கேட்டாத்தானே அன்னிக்கு நீங்க ரெண்டு வாய் சோறு துன்றீங்க..."

அதிகாரி பேனாவை எடுத்தாள். "பதிவுக்கு ஒண்ணு மட்டும் நீங்க வாயால சொல்லணும் ஆயா. உங்க மகன் தேசப்பன்..."

"அவங்கள கேக்காதீங்கம்மா!" வேலம்மா பதறிக் குறுக்கே வந்தாள். "நான் சொல்றேன்... நானே சொல்றேன்!"

மணியம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். உதடு கோணியது.

"செத்துட்டான்மா... எம்புள்ள செத்துட்டான்."

அதிகாரி தலை குனிந்துகொண்டாள். கிழவி மருமகளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள்.

"உம்புருசன்டி அவன்! ரெண்டு வருசமா உன்ன வாய்வுட்டு அழக்கூட வுடலியே நான்... பாவி... பாவி! அழுடி என் கண்ணு..."

பட்டா நகலோடு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வேலம்மா தன் புருஷனுக்காக ஓவென்று அழுதாள்.